பிபி மாத்திரையும் கருப்பைப் புற்றுநோயும்: தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா?

பிபி மாத்திரையால் கர்ப்பப்பையில் கேன்சர் வருமாமே என்று கேள்விப்பட்ட பெண்ணுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. இப்போது எடுப்பதையே தொடரலாம், வேறு வகைக்கு மாறலாம், நிறுத்திவிடலாம். மூன்றாவதை இப்போதே தள்ளிவைத்துவிடலாம். பிபியின் மேல் அளவு 5 புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய சிக்கல்கள் சுமார் 10 விழுக்காடு குறைகின்றன என்பது லட்சக்கணக்கானோரை வைத்து நடந்த சோதனைகளின் முடிவு. அந்த உறுதியான லாபத்தை, நிரூபிக்கப்படாத ஒரு பயத்துக்காக விட்டுக்கொடுப்பது மோசமான பேரம். ஆக, யோசிக்க வேண்டியது தொடர்வதா, மாறுவதா என்பதை மட்டும்தான்.

அதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நம் பேச்சில் 'கர்ப்பப்பை கேன்சர்' என்பது இரண்டு வேறு நோய்களுக்கும் ஒரே பெயராகிவிட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எச்.பி.வி. வைரஸால் வருவது. 2020 கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 1.23 லட்சம் பெண்களுக்கு அது வந்தது. இங்கே பேசுவது கருப்பையின் உடல் பகுதியில், பெரும்பாலும் அதன் உட்படலமான எண்டோமெட்ரியத்தில், வருவது. அது அதே ஆண்டில் இந்தியாவில் சுமார் 16,000 பேருக்கு வந்தது. உலக அளவில் 4.17 லட்சம். அமெரிக்காவில் இது 100 பெண்களில் 3 பேருக்கு வாழ்நாளில் வருகிற அளவுக்குப் பரவலானது. பிபி, உடல் எடை, சர்க்கரை ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்படுவது இந்த இரண்டாவது நோய்தான். 'பாப் ஸ்மியர் எடுத்தேன், நார்மல்' என்பது இந்த நோய்க்கு உத்தரவாதம் ஆகாது. அந்தச் சோதனை கர்ப்பப்பை வாயைப் பார்ப்பதற்கானது.

அழுத்தத்தின் பழியா, மாத்திரையின் பழியா?

உயர் ரத்த அழுத்தம் உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் சற்று அதிகம் வருகிறது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், எல்லா ஆய்வுகளையும் சேர்த்தபோது ஆபத்து 1.61 மடங்கு என்று வந்தது. ஆனால் நோய் வந்த பிறகு பழையதைக் கேட்டு எழுதும் ஆய்வுகளை ஒதுக்கிவிட்டு, முன்கூட்டியே சேர்த்துப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வுகளை மட்டும் பார்த்தால் அது 1.32 ஆகச் சுருங்கியது. 2022இல் பல நாட்டு ஆய்வுகளின் தரவை ஒன்றாகக் கூட்டி, 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்த்து, எடை உள்ளிட்ட தெரிந்த காரணங்களைக் கழித்தபோது மிஞ்சியது 14 விழுக்காடு. கணக்கு கறாராகக் கறாராக எண் இறங்கிக்கொண்டே வருகிறது. அமெரிக்கப் பெண்களுக்கு அந்த 14 விழுக்காட்டைத் தோராயமாகப் பொருத்தினால், 1,000 பேரில் 30 என்பது 34 ஆகிறது. இந்தியாவில் அடிப்படை எண்ணே பல மடங்கு சிறியது. செய்தித் தலைப்பில் வரும் 'மடங்கு' எதன் மடங்கு என்று கேட்காமல் பயப்படக் கூடாது.

இதெல்லாம் அழுத்தம் பற்றிய எண்கள். மாத்திரை பற்றியவை அல்ல. இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் இந்தத் துறையின் பெரிய தலைவலி. மாத்திரை எடுப்பவர்கள் எல்லாருக்கும் பிபி இருக்கிறது. அவர்களில் பலருக்கு எடை கூடுதல், பலருக்கு சர்க்கரையும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு பெண் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாகும் முக்கிய இடம் கொழுப்புத் திசு. அதைச் சமன்படுத்த வேண்டிய புரோஜெஸ்டிரோன் அந்த வயதில் இல்லை. தனியாக விடப்பட்ட ஈஸ்ட்ரோஜன் உட்படலத்தை வளர்த்துக்கொண்டே போகிறது. உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) 5 கூடினால் இந்தப் புற்றுநோயின் ஆபத்து 1.5 முதல் 1.6 மடங்கு ஆகிறது. மாத்திரைமீது விழும் சந்தேகத்தில் பெரும்பங்கு எடையைச் சேர வேண்டியது. போதாததற்கு, மாத்திரைக்காக மாதாமாதம் மருத்துவரைப் பார்க்கிறவர் லேசான ரத்தக் கசிவையும் சொல்லிவிடுவார், ஸ்கேனும் நடந்துவிடும். நோய் பதிவேட்டில் ஏறிவிடும். மருத்துவமனைப் பக்கமே போகாதவருக்கு அது தாமதமாகத்தான் தெரியவரும்.

இந்தக் குழியில் விழுந்த பழைய கதை ஒன்று உண்டு. நம் மண்ணின் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெசர்பின், ஒருகாலத்தில் உலகம் முழுக்க ஓடிய பிபி மருந்து. பம்பாயில் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் அந்த மூலிகை பற்றி எழுதிய கட்டுரைதான் மேற்கத்திய மருத்துவர்களை அதன் பக்கம் திருப்பியது. 1974இல் லான்செட் இதழில் ஒரே சமயத்தில் மூன்று ஆய்வுகள் வந்தன. மூன்றும் ரெசர்பின் எடுத்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் என்றன. பின்னால் ஆராய்ந்தபோது, ஒப்பிடுவதற்காக எடுத்த 'நோயில்லாத' பெண்களிலிருந்து இதய நோயாளிகளை விலக்கியிருந்தது தெரிந்தது. ரெசர்பின் எடுக்கக்கூடியவர்களே அவர்கள்தான்! ஒரு பக்கத் தட்டிலிருந்து எடைக்கல்லை எடுத்துவிட்டுத் தராசு சாய்கிறது என்ற கதை. பின்வந்த பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிலைக்கவில்லை.

நிலையான பதிலுக்கு, யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்துத் தந்த சோதனைகள் வேண்டும். 2021இல் 33 சோதனைகள், 2,60,447 பேர், 15,012 புற்றுநோய் நிகழ்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். ஐந்து முக்கிய மருந்து வகைகளில் எதுவும் புற்றுநோயைத் தெளிவாகக் கூட்டியதாகத் தெரியவில்லை. ஆம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பான்களுக்கு மட்டும் 1.06 மடங்கு என்று ஒரு சிறு ஏற்றம் வந்தது. அதுவும் வேறு வழியில் கணக்கிட்டபோது உறுதியாகவில்லை. குறைகளும் உண்டு. பின்தொடர்ந்த காலத்தின் நடு அளவு சுமார் 4 ஆண்டுகள்தான். புற்றுநோய்க்கு அது குறுகிய காலம். தனித்தனியாகப் பார்த்த புற்றுநோய்களும் மார்பகம், பெருங்குடல், நுரையீரல், புரோஸ்டேட், தோல் ஆகியவை. கருப்பை அதில் இல்லை.

வகை வகையாகப் பார்த்தால்

ஆம்லோடிபின். 5 மி.கி. மாத்திரை, மலிவு, நாளுக்கு ஒரு முறை. 2013இல் அமெரிக்க ஆய்வு ஒன்று, 10 ஆண்டுகளுக்கு மேல் கால்சியம் தடுப்பான் எடுத்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கும் மேல் என்று சொல்லிப் பரபரப்பைக் கிளப்பியது. அதன்பின் வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. கருப்பையைப் பொறுத்தவரை இந்த மாத்திரையை மாற்றச் சொல்ல எதுவும் இல்லை. இதை மாற்றும் உண்மையான காரணம் கணுக்கால் வீக்கம். 10 மி.கி.க்குப் போகும்போது அது பெண்களுக்கு அதிகம் வரும். அதைப் போக்க நீர் மாத்திரை தருவதால் பெரிய பலன் இல்லை. அளவைக் குறைத்து டெல்மிசார்டானைச் சேர்ப்பதுதான் பயன் தரும்.

டெல்மிசார்டான், லோசார்டான், வால்சார்டான். இந்த வகைமீது இரண்டு தடவை புகார் எழுந்தது. இரண்டும் வேறு வேறு. 2010இல் ஒரு தொகுப்பாய்வு, இந்த மருந்து எடுத்தவர்களில் 7.2 விழுக்காட்டினருக்கும் எடுக்காதவர்களில் 6.0 விழுக்காட்டினருக்கும் புதிதாகப் புற்றுநோய் வந்ததாகச் சொன்னது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 31 சோதனைகளிலிருந்த சுமார் 1,56,000 பேரை வைத்து மறுபடி பார்த்து, 2011இல் ஆபத்து கூடவில்லை என்று முடித்தது. 2018இல் எழுந்தது மருந்தைப் பற்றியதே அல்ல, தயாரிப்பில் சேர்ந்த அழுக்கைப் பற்றியது. வால்சார்டான் மூலப்பொருளைச் செய்யும் முறையை மாற்றியபோது என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசமைன் வேதிப்பொருள் கலந்துவிட்டது. நாளுக்கு 320 மி.கி. வீதம் 4 ஆண்டு அந்த மாசுபட்ட மாத்திரையை எடுத்த 8,000 பேரில் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம் என்பது அப்போது சொன்ன மதிப்பீடு. மாசுபட்ட தொகுப்புகள் திரும்பப் பெறப்பட்டன. 'வால்சார்டான் கேன்சர் தரும்' என்ற செய்தி மட்டும் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சர்க்கரையோ சிறுநீரில் புரதமோ இருப்பவருக்கு இந்த வகைதான் முதல் தேர்வு. எடையைக் கூட்டாது, சர்க்கரையைக் கெடுக்காது. கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்ணுக்கு மட்டும் கூடாது. சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவற்றுக்கும் கர்ப்பத்தில் அதே தடை. 2018இல் பிரிட்டனில் சுமார் 10 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் 14 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்தது; கருப்பையோடு அதற்குச் சம்பந்தமில்லை. வறட்டு இருமல் வந்தால் டெல்மிசார்டானுக்கு மாறுங்கள். மற்றபடி இதில் பேச ஒன்றுமில்லை.

நீர் மாத்திரைகள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவை. மருந்து வகைகளிலேயே ஒரு புற்றுநோயோடு தொடர்பு ஓரளவு வலுவாகக் காட்டப்பட்டது ஹைட்ரோகுளோரோதயசைடுக்குத்தான். அது தோல் புற்றுநோய். டென்மார்க் பதிவேட்டில், மொத்தமாக 50,000 மி.கி.க்கு மேல் விழுங்கியவர்களுக்குச் செதிள் செல் தோல் புற்றுநோய் சுமார் 4 மடங்கு. மருந்து தோலை வெயிலுக்குக் கூசவைக்கிறது என்பதால் காரணமும் பொருந்துகிறது. நாளுக்கு 12.5 மி.கி. எடுப்பவர் 50,000ஐத் தொட 4,000 நாள், அதாவது 11 ஆண்டு ஆகும், 25 மி.கி. என்றால் ஐந்தரை ஆண்டு. வெளிர் தோல்காரர்களிடம்கூட, அந்த அளவை எட்டியவர்களில் ஆண்டுக்கு 6,700 பேரில் கூடுதலாக ஒருவர் என்பதே 2020இல் அமெரிக்காவில் மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பில் சேர்த்த எண். நம் தோல் நிறத்துக்கு ஆபத்து அதைவிடக் குறைவு. தோல் புற்றுநோய் ஏற்கெனவே வந்தவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்காக எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு இதை மாற்றலாம். மற்றவர்கள் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டால் போதும்.

கருப்பை விஷயத்தில் நீர் மாத்திரையைக் கவனிக்கச் சொல்வது வேறொரு பாதையால். தயசைடு வகை ரத்தச் சர்க்கரையைச் சற்று ஏற்றும். பொட்டாசியம் குறைந்தால் இன்னும் ஏற்றும். அதிக இன்சுலின் உட்படலத்தின் வளர்ச்சியைத் தூண்டுகிறது என்பதால், சர்க்கரையின் எல்லையில் நிற்கும் பருமனான பெண்ணுக்கு அளவை 12.5 மி.கி.க்குள் நிறுத்தி, டெல்மிசார்டானோடு சேர்த்துத் தருவது புத்திசாலித்தனம். மாத்திரையே புற்றுநோயைத் தருகிறது என்பதற்காக அல்ல. சர்க்கரையை வளர்க்காமல் பார்த்துக்கொள்வதற்காக.

அட்டினோலால், மெட்டோப்ரோலால் வகைக்கும் அதே தர்க்கம். புற்றுநோய்க் கணக்கில் இவை சுத்தம். ஆனால் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை கூடும், சிலருக்கு உடல் சோர்ந்து நடை குறையும். அட்டினோலாலும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் புதிதாகச் சர்க்கரை வரும் வாய்ப்பு ஏறுகிறது. மாரடைப்பு வந்தவர், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர் இவற்றைத் தொடரத்தான் வேண்டும். வெறும் பிபிக்காகப் பதினைந்து வருடமாக அட்டினோலாலிலேயே இருக்கும், எடை கூடிய பெண்ணுக்குத்தான் 'மாற்றலாமா?' என்று கேட்பதில் உண்மையான பயன் இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் துடிப்பும் அழுத்தமும் எகிறும். இதயத்தில் அடைப்பு இருந்தால் நெஞ்சுவலி வரும். ஒன்றிரண்டு வாரத்தில் பாதி, அதில் பாதி என்று இறக்க வேண்டும்.

ஸ்பைரோனோலாக்டோன் ஒன்றுதான் ஹார்மோனோடு நேரடியாக விளையாடும் பிபி மருந்து. ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும், மாதவிடாய்ச் சுழற்சியைக் குலைக்கும். அதனால் இதன்மேல் சந்தேகம் வருவது நியாயம். டென்மார்க்கில் 23 லட்சம் பெண்களை 1995 முதல் 2010 வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். மார்பகம், கருப்பை, சூலகம், கர்ப்பப்பை வாய் எதிலும் புற்றுநோய் கூடவில்லை. கருப்பையைத் தனியாக எடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒரு பிபி மருந்துக்கு இருக்கிறதென்றால் இதற்குத்தான் இருக்கிறது, பதிலும் நிம்மதியானது. வில்லங்கம் வேறிடத்தில். இந்த மாத்திரையே இடையிடையே ரத்தப்போக்கை உண்டாக்கும் என்பதால், மாதவிடாய் நின்ற பெண்ணுக்குக் கசிவு வந்தாலும் 'மாத்திரையால்தான்' என்று விட்டுவிடுவார்கள். அந்த அலட்சியம்தான் ஆபத்து. டெல்மிசார்டானோடு சேர்த்து எடுத்தால் பொட்டாசியம் ஏறும். தொடங்கிய ஒரு வாரத்திலும் பிறகு நான்கு வாரத்திலும் பார்க்க வேண்டும்.

சரி, எதை எடுப்பது?

கருப்பைப் புற்றுநோய் பயத்தை வைத்து மட்டும் இவற்றில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாற ஆதாரம் இல்லை. அழுத்தத்தின் மேல் அளவு 130-140க்குள் நிற்கிறது, தொந்தரவு இல்லை என்றால் இருப்பதைத் தொடருங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வரும் மாத்திரையை விட்டுவிட்டு, செய்தி பார்த்து, கடையில் விலை கொடுத்து வாங்கும் ஒன்றுக்கு மாறினால், மாதக் கடைசியில் நாலு நாள் விட்டுப்போகும். அந்த நாலு நாள் செய்யும் கெடுதலை மாற்றத்தால் வரும் எந்த லாபமும் ஈடுகட்டாது.

மாறித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கூட்டு மாத்திரைகளில் பெயருக்குப் பின்னால் 'எச்' என்றிருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு, 'ஏஎம்' என்றால் ஆம்லோடிபின், 'சிடி' என்றால் குளோர்தாலிடோன் என்ற இன்னொரு நீர் மாத்திரை. ஒன்றை நிறுத்துவதாக நினைத்து இரண்டை நிறுத்துகிறவர்களும், பழையதையும் புதியதையும் சேர்த்தே விழுங்குகிறவர்களும் ஏராளம். ஆம்லோடிபினின் முழுப் பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மூன்றாம் நாளே 'வேலை செய்யவில்லை' என்று அளவைக் கூட்டக் கூடாது. டெல்மிசார்டான் தொடங்கினால் இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) பொட்டாசியமும், குளோர்தாலிடோன் தொடங்கினால் சோடியமும் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கித் தடுமாற்றம், மயக்கம் வருவது இந்த மாத்திரையில் அடிக்கடி நடப்பது.

மாத்திரையைவிட, பிபி, புற்றுநோய் இரண்டையும் சேர்த்தே குறைப்பது எடைக் குறைப்பு. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், எடையில் 5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களுக்கு எண்டோமெட்ரியப் புற்றுநோய் 29 விழுக்காடு குறைவாக இருந்தது. 80 கிலோ எடையில் அது 4 கிலோ. பிபியும் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1 என்ற கணக்கில் இறங்கும்.

குடும்பத்தில் இளவயதில் பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்கள் அடுத்தடுத்து வந்திருந்தாலும், மார்பகப் புற்றுநோய்க்காக டமோக்சிபென் எடுத்தாலும் உங்கள் கணக்கே தனி. குடும்பத்தில் இப்படிப் புற்றுநோய்களைத் தொடரவைக்கும் லின்ச் மரபுக் கோளாறில் கருப்பைப் புற்றுநோயின் வாழ்நாள் வாய்ப்பு பாதிவரைகூடப் போகும். அங்கே பிபி மாத்திரையைப் பற்றி வாதாடுவது, வீடு எரியும்போது விளக்குத் திரியைக் குறைப்பது போல.

கசிவு வந்தால்

மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும், பழுப்பு நிறக் கறை பட்டாலும், பரிசோதனை உண்டு. இந்தப் புற்றுநோய் வந்த, மாதவிடாய் நின்ற பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு முன்னதாகவே இப்படிக் கசிவு இருந்திருக்கிறது. கசிவு வந்தவர்கள் எல்லாரையும் எடுத்தால் புற்றுநோய் இருப்பது சுமார் 9 விழுக்காட்டினருக்குத்தான். பயந்து ஒளியவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். பிபியோடு ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ எடுப்பவர்கள் 'ரத்தம் இளக்கும் மாத்திரைதான் காரணம்' என்று தாங்களே முடிவுகட்டுகிறார்கள். அந்த மாத்திரை, உள்ளே இருக்கும் புண்ணைச் சீக்கிரமே கசியவைத்துக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

முதலில் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன். உட்படலம் 4 மி.மீ. அல்லது அதற்குள் இருந்தால் புற்றுநோய் வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் என்றால் பயாப்ஸி, அதாவது படலத்தில் சிறிது எடுத்துச் சோதிப்பது. நார்க்கட்டி மறைத்துப் படலம் சரியாகத் தெரியாவிட்டாலும், டமோக்சிபென் எடுப்பதால் படலம் வீங்கித் தெரிந்தாலும், ஸ்கேன் எண்ணை நம்பி நிற்கக் கூடாது. 4க்குள் இருந்தும் கசிவு திரும்ப வந்தால் அப்போதும் பயாப்ஸிதான். புறநோயாளிப் பிரிவிலேயே மூன்று மி.மீ. தடிமனான மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டுச் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள். மாதவிடாய் வலிபோலச் சற்று இழுக்கும். அன்று காலை பிபி மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொள்ளலாம். மயக்கம் கொடுத்துச் சுரண்டி எடுப்பதாக இருந்தால் மட்டும், முந்தைய நாளே மயக்க மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியலைக் காட்டுங்கள். டெல்மிசார்டான், எனலாப்ரில் வகையை அன்று காலை விட்டுவிடச் சொல்லக்கூடும். அட்டினோலாலை மட்டும் ஒரு வேளையும் விடாதீர்கள்.